அஞ்சு அங்குலம் கூடுதல்

"பன்னெண்டு அங்குலமா? அந்த ஆளு சொன்னாரு, நீங்களும் தலைய ஆட்டிட்டு வந்துட்டீங்களாக்கும்?" ஜெயந்தினி தையல் மெஷினை விட்டு எழுந்தேவிட்டாள்.

அவள் புருஷன் பிரதீபன் கையில் ஒரு பீவிசி பைப்புடன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றான். பாட்டுக்கு அடி கொடுக்கிற பாஸ் பெட்டியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்குமே, அதற்குள் செருகுகிற பைப். அதன் நீளம் சரியாக இருந்தால்தான் அந்த அடி நெஞ்சில் வந்து விழும். பிசகினால் பெட்டி சும்மா முனகும்.

"யோகேஸ்வரன் அண்ணன் எத்தனை வருஷமா சவுண்ட் செட்டு போடுறவரு. அவருக்குத் தெரியாதா, புள்ள?"

"தெரியும். தெரிஞ்சுதான் தப்பா சொல்லியிருக்காரு."

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் மேட்டு லயத்து யோகேஸ்வரன் செட்டுதான். அவர் பெட்டியின் ஓட்டையைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும். 'வெத்தல வாய்ப் பெட்டி' என்றால் தோட்டத்தில் தெரியாத ஆள் கிடையாது.

இந்த வருஷம் கோயில் தலைவர் ஆண்டியப்பன் பிரதீபனைக் கூப்பிட்டுவிட்டார். "புதுசா ஒருத்தனுக்கும் சான்ஸ் குடுப்போம். சத்தம் சரியில்லன்னா அடுத்த வருஷம் பழைய ஆளுதான், இப்பவே சொல்லிட்டேன்" என்றும் சொல்லிவிட்டார்.

வேலையைப் பறிகொடுத்தவரிடமே போய்க் கணக்குக் கேட்டால் எந்த மடையன் சரியாகச் சொல்லுவான்? ஜெயந்தினி கேட்டது அதைத்தான். திருவிழா வேறு நாளைக்கு.

அவள் ஒன்று நினைத்துவிட்டால் முடிக்காமல் உட்காரமாட்டாள். கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை உருவினாள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் அளந்தாள். இதற்கென்றே போனில் ஒரு ஆப் இருந்தது. அளவுகளை அதில் போட்டாள்.

"பாருங்க. ஏழு அங்குலம். முழுசா அஞ்சு அங்குலம் கூட சொல்லியிருக்காரு. எல்லாம் வயித்தெரிச்சல்."

"இருக்கிறது இந்த ஒரு பைப்புதான் புள்ள. இன்னிக்குப் போயா லீவு வேற. ராகலை டவுன்ல ஹார்ட்வேர் கடை எல்லாம் பூட்டியிருக்கும். கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சது போதும். அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

ஹெக்சோவை அவளே எடுத்து அறுத்தாள். பைப்பைச் செருகி, பாட்டைப் போட்டார்கள்.

பெட்டி ஊளையிட்டது. அடி விழவேண்டிய இடத்திலெல்லாம் 'ஙொய்' என்று ஒரே சத்தம். கூரைத் தகரம்தான் ஆடியது, நெஞ்சில் ஒன்றும் விழவில்லை.

ஜெயந்தினி விடவில்லை. வெட்டிய துண்டை ஒட்டு டேப் சுற்றி ஒட்டிப் பார்த்தாள். காற்று கசிந்து விசிலடித்தது. அவிழ்த்து மறுபடியும் ஒட்டினாள். மறுபடியும் விசில்.

"ஆண்டியப்பன்கிட்டப் போய்ச் சொல்லிரவா? அண்ணன் செட்டையே போட்டுக்கட்டும்" என்றான் பிரதீபன்.

"சொன்னீங்கன்னா பாருங்க. விடியறதுக்குள்ள இது அடிக்கணும், அவ்வளவுதான்."

அப்போதுதான் மேட்டுப் படியில் யோகேஸ்வரன் இறங்கி வருவது தெரிந்தது. கக்கத்தில் எதையோ உரச் சாக்கில் சுருட்டி வைத்திருந்தார்.

"வாறாரு பாருங்க, சிரிச்சிட்டுப் போறதுக்கு" என்று முணுமுணுத்தாள் ஜெயந்தினி.

"மேல வரைக்கும் கேட்டுச்சு தம்பி" என்றார் அவர். "எவ்வளவுல வெட்டுனீங்க?"

"ஏழு" என்றாள் ஜெயந்தினி முந்திக்கொண்டு. "கணக்கு அப்பிடித்தான் வந்துச்சு. நீங்கதான் பன்னெண்டுன்னு சொன்னீங்க."

"பெட்டிய எப்பிடி அளந்தீங்க?"

தையல் டேப்பைப் பெட்டியின் மேல் பிடித்துக் காட்டினாள். யோகேஸ்வரன் சிரித்துவிட்டார்.

"சட்டை தைக்கத்தான் தங்கச்சி வெளியால அளக்கணும். பெட்டிய உள்ளால அளக்கணும். பலகைத் தடிப்பு கொஞ்சம் போயிரும். ஸ்பீக்கரு கொஞ்சம் எடத்த அடைச்சுக்கும். உள்ளுக்க எடம் கொறைஞ்சா பைப்பு நீளமா வேணும்."

பிரதீபன் மெதுவாகக் கேட்டான். "அப்ப பன்னெண்டுதான் சரியாண்ணே?"

"இல்ல. பதினொண்ணு கிட்டத்தான் வரும்."

ஜெயந்தினி சட்டென்று பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? அப்பவும் ஒரு அங்குலம் கூடத்தான் சொல்லியிருக்கீங்க."

"கூட இருந்தா வெட்டிக்கலாம் தங்கச்சி. கொறைஞ்சா என்ன செய்யிறது?"

ஜெயந்தினிக்கு முகம் சுருங்கிப்போனது. டேப் சுற்றிய துண்டு காலடியில் கிடந்தது. அதைக் காலால் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள்.

யோகேஸ்வரன் உரச் சாக்கைப் பிரித்து உள்ளே இருந்த பைப்பை அவளிடம் நீட்டினார். "கொஞ்சமா வெட்டுங்க. போட்டுக் கேளுங்க. பத்தலன்னா திரும்பக் கொஞ்சம் வெட்டுங்க. அவசரப்படாதீங்க."

ஜெயந்தினி வாங்கி, முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டு ஹெக்சோவை எடுத்தாள். பிளேடு பைப்பில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

பைப்பின் வாயைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்.

"அண்ணே... இத வெட்டிட்டா ஒங்க பெட்டி?"

"வெட்டு தங்கச்சி" என்றார் யோகேஸ்வரன். "நாளைக்கு அதுக்கு வேலை இல்லையே."