நேராகப் போனவர்

மேசைக்குப் பின்னால் காப்பீட்டு அதிகாரி. எதிரே மெத்தை நாற்காலியில் கார்க்காரர். பக்கத்து மர நாற்காலியில், வலது கையில் மாவுக்கட்டோடு, சைக்கிளில் போய் அடிபட்ட தையல்காரர். இன்னொரு நாற்காலி இல்லாததால் அவர் மனைவி நிற்கிறாள். ஜன்னலோரம், கடிதம் எழுத நான்.

காலை வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டுக் கண் கூசுகிறது. அதன் மேல் அதிகாரி சாக்பீஸால் நாற்சந்தி வரைந்திருக்கிறார். காருக்கு ஒரு பொம்மைக் கார், கதவுகூடத் திறக்கும். சைக்கிளுக்கு ஒரு காகிதக் கிளிப். கார்க்காரர் பொம்மையைச் சந்தியில் சட்டென்று திருப்ப, தையல்காரர் இடது கையால் நேராக நகர்த்திய கிளிப் தெறித்துத் தரையில் விழுகிறது. "இப்படித்தான் சார், எங்கேருந்தோ வந்து விழுந்துட்டாரு." மனைவி குனிந்து கிளிப்பை எடுத்து வைக்கிறாள். அதிகாரி படிவத்தைப் பார்க்கிறார். "திரும்பறப்போ லைட் போட்டீங்களா?" "போட்டேன் சார்." ஒரு டிக். "நீங்க கை காட்டினீங்களா?" "இல்லீங்க," என்கிறார் தையல்காரர். "நேரா போறவரு எதுக்குங்க கை காட்டணும்?" என்று மனைவி குரலை உயர்த்துகிறாள். "திரும்புனது அவருதானே! தப்பு எங்க மேலன்னு எழுதிட்டா, இந்தக் கை ஆபரேஷனுக்கு யாரு பணம் குடுப்பா?" "அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா." கார்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தையல்காரர், கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறார். இரண்டு அசையவில்லை.

'சைக்கிளில் வந்தவர் சைகை காட்டவில்லை. தவறு அவருடையது.' அதிகாரி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். படிவத்தைக் கடிதத்தோடு கோக்க ஏதாவது வேண்டும். அதிகாரி அந்தக் கிளிப்பை என் பக்கம் தள்ளுகிறார். அதையே மாட்டி, உறைக்குள் வைத்து, பசை தடவி அழுத்தி ஒட்டி, தலைமை அலுவலகத் தபால் பையில் போடுகிறேன்.