சிவப்புப் புள்ளி வைத்த கிளாஸ்

ஒரு டீக்கடை. உள்ளே பலகைமேல் வரிசையாகக் கிளாஸ்கள். வாசல் சுவரில் ஒற்றைக் கிளாஸ். 'அந்தத் தெரு ஆட்கள்' என்று கடைக்காரர் சொல்கிறவர்களுக்கு அதில்தான் டீ. குடித்தவர்களே கழுவியும் வைக்க வேண்டும். மாறிவிடக் கூடாதென்று அதன் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வேறு.

"நானும் உள்ளே வரணும்" என்றது வாசல் கிளாஸ்.

"ஆசையைப் பாரு! நாங்க கடற்கரை மணல். நீ எந்த ஓடை மணலோ?" என்றது பலகைக் கிளாஸ்.

"கண்ணாடி உலையில எல்லாரும் ஒரே குழம்பா கொதிச்சோமே, அப்ப யாருடி பிரிச்சு வச்சது? சொல்லு, கேப்போம்!"



அன்று அதில் டீ குடித்த பூவாயி, கிளாஸைக் கழுவ ஒரு பிடி மணலை அள்ளினாள். "அக்கா, அடியில இருக்கிற புள்ளியையும் சேர்த்துத் தேயேன்" என்று கிளாஸ் மணலிடம் கேட்டது.

"நம்ம வீட்டுப் பொண்ணு கேட்டு மாட்டேன்னா சொல்லுவேன்?" என்று மணல் மாய்ந்து மாய்ந்து தேய்த்தது. புள்ளி போயே போய்விட்டது. பூவாயி கிளாஸைத் திருப்பிப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். வரிசையின் நட்டநடுவில் வைத்தாள்.

கடைக்காரர் பதறிப்போய் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாவற்றிலும் தெரு ஒரே மாதிரிதான் தெரிந்தது.

"யோவ், டீ வருமா வராதா?" என்று கூட்டம் கத்தியது. எல்லாவற்றிலும் ஊற்றினார். வியர்த்துப்போய், கையில் அகப்பட்ட ஒன்றில் தனக்கும் ஊற்றி உதட்டில் வைத்தார்.

"சர்க்கரை போதுமாண்ணே?" என்றது, வாசலிலிருந்து வந்த கிளாஸ்.