பலகையின் கடைசி வரி

“எங்கே, கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்க.”

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே டிரைவர் சொன்னார். “கேட்கக் கூச்சப்படாதவன் கற்றுக்கொண்டே இருப்பான்.”

“ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. படிக்கிற மாதிரி சொல்லுங்க,” என்றாள் மனைவி.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. இன்றைக்குக் கண் டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கினால்தான் நாளைக்கு வேன் சாவி கைக்கு வரும். கண்ணில் குறை என்று அவருக்கு இதுவரை தோன்றியதில்லை. ஆனால் பயம் யாரை விட்டது?

மற்ற டாக்டர்கள் சுவரில் வெறும் எழுத்துகளை மாட்டியிருப்பார்கள். இந்த டாக்டருக்கு அது பிடிக்காது. அறிவு, படிப்பு, தெளிந்த சிந்தனை என்று தமக்குப் பிடித்த ஆறு பொன்மொழிகளை, மேலே கொட்டை எழுத்தில் தொடங்கிக் கீழே பொடி எழுத்து வரை, பலகையில் எழுதி மாட்டியிருந்தார்.

“கண்ணோட சேர்த்து மனசையும் கொஞ்சம் துடைச்சு அனுப்பலாமே,” என்பார்.

பதினைந்து வருஷமாக அதே ஆறு. பொன்மொழி என்றால் மனசில் நிற்கும், நின்றுவிட்டால் கண் பரிசோதனை என்ன ஆகும் என்பது மட்டும் அந்தத் தெளிந்த சிந்தனைக்காரருக்குத் தோன்றவே இல்லை. ஊரில் உள்ள டிரைவர்களுக்கெல்லாம் ஆறும் தலைகீழ்ப் பாடம். நம் டிரைவருக்கு அவற்றைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர், கூட வேலை பார்க்கும் ‘மீசை’.

முன்னறையில் டாக்டரின் மகள் கண்ணாடிக்கு ஃபிரேம் மாட்டிக்கொண்டிருந்தாள். “உள்ளே போங்கண்ணா,” என்றாள்.

“ஒரு கண்ணை மூடிக்குங்க. மேலேயிருந்து படிங்க,” என்றார் டாக்டர்.

“நிதானமாகப் பார், பிறகு பேசு.”

“அடுத்தது?”

“படித்தது புரியும்வரை படித்ததாகாது.”

ஐந்து வரி வரைக்கும் பலகையும் மனப்பாடமும் ஒத்துப்போயின. ஆறாவது வரியைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே அந்தப் பொன்மொழி இல்லை. எந்தப் பொன்மொழியிலும் வரக்கூடாத வார்த்தைகளாகத் தெரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். மறுபடியும் அதேதான்.

போச்சு, கண்ணு கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

“ம், கடைசி வரி?”

வாய் தானாகவே சொல்லிவிட்டது. “கேட்கக் கூச்சப்படாதவன் கற்றுக்கொண்டே இருப்பான்.”

“பிரமாதம். உங்களுக்குக் கழுகுக் கண்ணு,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டாக்டர்.

சர்ட்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிரைவர் தெருமுனை வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் நகரவில்லை. வேனில் இருபத்தாறு பிள்ளைகள். முன்சீட்டு வாண்டு ஒன்று அவரை நம்பி, ஏறி உட்கார்ந்ததுமே தூங்கிவிடும். இல்லாததெல்லாம் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு அதுகளை எப்படி ஏற்றிக்கொண்டு போவது? வேலை போனால் போகட்டும் என்று திரும்பி வந்தார்.

“டாக்டர், தப்புப் பண்ணிட்டேன். கடைசி வரியை நான் படிக்கலை. மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சேன். என் கண்ணு சரியில்லை. இதை நீங்களே வச்சுக்குங்க.”

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “பிள்ளைகளை ஏத்திட்டுப் போறவர் செய்யற வேலையா இது? இத்தனை பொன்மொழி எழுதி வச்சு என்ன பிரயோஜனம்?” என்று சர்ட்டிபிகேட்டை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டார்.

டிரைவர் தலை குனிந்தார்.

“சரி, நிஜமா எப்படித் தெரிஞ்சுது? மங்கலாவா, ரெண்டு ரெண்டாவா?”

“பளிச்சுன்னுதான் தெரியுது டாக்டர். அதான் பயமா இருக்கு.”

“அப்படி என்ன தெரியுது?”

“சொன்னா சிரிப்பீங்க.”

“பரவாயில்லை, சொல்லுங்க.”

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிப் படித்தார். “அப்பா, இந்த வரி தெரியலைன்னா இந்த நாற்காலியில உட்கார வேண்டியது நீங்கதான்.”

டாக்டர் இருந்த இடத்திலிருந்தே கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பலகையில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். மகளின் கையெழுத்து.

அவள் வாசலில் நின்றிருந்தாள்.

“கண்ணைக் காட்டுங்கன்னு ஒரு வருஷமா கெஞ்சறேன். டாக்டருக்கே டாக்டரான்னு சிரிச்சீங்க. மூணு நாளா அந்த வரி அங்கதான் இருக்குப்பா. இவருக்கு முன்னாடி வந்த ஏழு பேரும் பழைய வரியைச் சொன்னாங்க. ஏழு பேருக்கும் கழுகுக் கண்ணுன்னு கையெழுத்துப் போட்டீங்க. அத்தனை பேரையும் நாளைக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கேன். இருக்கிறதை இருக்கிறபடி சொன்னவர் இவர் ஒருத்தர்தான்.”

டாக்டர் டிராயரைத் திறந்து சர்ட்டிபிகேட்டை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். அவர் எழுந்ததும் அந்த நாற்காலியில் தாம் உட்கார்ந்தார். மகள் அவருடைய ஒரு கண்ணை மூடினாள்.

“மேலேயிருந்து படிங்கப்பா.”

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் ஐந்து வரிகளையும் மூச்சு விடாமல் மடமடவென்று சொல்லி முடித்தார்.

போகலாம் என்று திரும்பிய டிரைவர், மனசு கேட்காமல் அவர் காதருகே குனிந்தார்.

“ஒப்பிக்கிற மாதிரி இருக்கு டாக்டர். படிக்கிற மாதிரி சொல்லுங்க.”