குழாய் போகும் காணி

"விளங்கேல்லை பிள்ளை, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று விநாயகமூர்த்தி நாலாவது தடவையாகக் கேட்டபோது, மொழிபெயர்க்க வந்திருந்த நிசாந்தினிக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

கனடாவில், மில்லிக்கன் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது சட்டத்தரணி றிச்சர்டின் அலுவலகம். மேசைக்கு அந்தப்பக்கம் அவர். இந்தப்பக்கம் விநாயகமூர்த்தியும் மனைவி தவமலரும். நடுவில் இரண்டு பக்கக் கடிதம்.

ஆஸ்பத்திரி, கோர்ட், குடிவரவு அலுவலகம் என்று நிசாந்தினி மொழிபெயர்க்காத இடமில்லை. ஆனால் புகையை நிலத்துக்கடியில் தாழ்க்கிற விவகாரம் இதுதான் முதல்தடவை.

தொழிற்சாலைப் புகையிலிருந்து காபனீரொட்சைட்டு வாயுவைப் பிடித்து, குழாய் வழியே கொண்டுபோய், ஆழத்தில் அடைத்து வைக்கப்போகிறார்களாம். அந்தக் குழாய், இவர்கள் சாத்தம் ஊர்ப்பக்கம் வாங்கியிருக்கும் இருபத்தைந்து ஏக்கருக்கு நட்டநடுவால் போகிறதாம். திட்டத்துக்கு அனுமதியே இன்னும் கிடைக்கவில்லை. குழாய் போடும் கம்பனிக்காரர் அதற்குள் மல்வேர்னில் இவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கே பழக்கூடையோடு வந்து, இந்தக் கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

றிச்சர்ட் உற்சாகமான மனிதர். முதல் பக்கம் காணியை அளந்து பார்க்க அனுமதி, அவ்வளவுதான். வில்லங்கமெல்லாம் இரண்டாம் பக்கத்தில் என்றார். அதில் கையெழுத்து வைத்தால் குழாய்க்கு மேலே வீடு கட்ட முடியாது. மரம் வைக்க முடியாது. காணியை விற்றாலும் அந்தக் கட்டுப்பாடு போகாது, வாங்குகிறவர் தலையிலும் இருக்கும்.

நிசாந்தினி ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தாள்.

"மரமுமோ?" என்றார் விநாயகமூர்த்தி. "அதை வடிவாச் சொல்லுங்கோ."

வடிவாகச் சொன்னாள். கடதாசியில் குழாயைக் கீறியும் காட்டினாள். இந்த மனுசன் இத்தனை வருசம் கனடாவில் என்னதான் செய்தார் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டாள்.

தவமலரோ கைப்பையை மடியில் வைத்தபடி நிசாந்தினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் றிச்சர்ட், என்ன முடிவு என்று விநாயகமூர்த்தியைக் கேட்டார்.

அவர் மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். காணி தவமலரின் பெயரில் இருந்தது. கோழி பொதிசெய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருசம் கால்கடுக்க நின்று வாங்கிய காணி. ஒரு மூலையில் கத்தரியும் பயித்தங்காயும் போடுவார். மீதியில் பக்கத்துக் காணிக்காரர் சோளம் விதைப்பார்.

தவமலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கம்பனி ஒருநாள் இழுத்துமூடிப்போட்டுப் போனா, கீழை கிடக்கிற குழாய்க்கு ஆர் பொறுப்பு?"

நிசாந்தினி மொழிபெயர்த்ததும் றிச்சர்ட் பேனாவை வைத்துவிட்டு இரண்டு பக்கங்களையும் மறுபடி புரட்டினார். அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்ததுமே தவமலர் எழுந்துவிட்டார்.

"அப்பிடியெண்டா வேண்டாம்."

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கம்பனிக்கு நானே எழுதுகிறேன் என்று றிச்சர்ட் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார்.

நிசாந்தினி கீழே இறங்கி வந்தபோது தவமலர் காருக்குள் ஏறியிருந்தார். விநாயகமூர்த்தி நாலு கார் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கம்பனிக்காரரோடு. ஆங்கிலத்தில்.

ஒரு இடத்திலும் தடக்காத, நடுவே பகிடியும் விடுகிற ஆங்கிலம். கையெழுத்துக் கிடையாது, இனி வீட்டுக்கு வரவேண்டாம், பேசுவதென்றால் சட்டத்தரணியோடு பேசுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார்.

"அங்கிள், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"இஞ்சை இருபத்தேழு வருசம் பஸ் ஓடினனான், பிள்ளை."

"பிறகேன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

அவர் காருக்குள் இருந்த மனைவியை ஒருதரம் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"எனக்கு சைன் பண்ணத்தான் விருப்பம். நான் மொழிபெயர்த்திருந்தா, அவவும் பண்ணியிருப்பா."