ஊசி இல்லாத தட்டு

"ஊசி போடலையா டாக்டரம்மா?"

பல் டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது.

தட்டில் கண்ணாடி இருந்தது, இடுக்கி இருந்தது, பஞ்சு இருந்தது. மரத்துப் போக வைக்கும் ஊசி மட்டும் இல்லை.

மறதியில் விட்டதல்ல. வேண்டுமென்றேதான் எடுத்து வைக்கவில்லை. அவருக்கெல்லாம் ஊசி தேவைப்படாது, நீயே கண்ணால் பார் என்று காலையிலேயே நர்ஸிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் சாய்ந்தபடி அதைக் கேட்டவர் அவளுடைய தியான ஆசிரியர். வலியைத் தள்ளாதே, அதை என் வலி என்று சொல்லாதே, அது எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று கிட்டே போய்ப் பார், பார்க்கிறவர் வேறு வலி வேறு என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் சொல்லித் தருகிறவர்.

வயதில் அவளைவிடப் பத்து வருஷம் சின்னவர். ஆனாலும் அவர் எதிரே அவள் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. "உன் மூச்சு வாத்தியார்" என்று வீட்டுக்காரர் வாயைக் கொடுத்தால், அன்றைக்கு அவருக்கு ஆறிப் போன காபிதான்.

அந்த ஆசிரியரின் விரல்கள் இப்போது நாற்காலியின் கைப்பிடியை வெளுத்துப் போகும் அளவுக்கு இறுக்கிக்கொண்டிருந்தன.

எச்சிலை உறிஞ்சும் குழாயோடு பக்கத்தில் நின்ற நர்ஸ் அந்த விரல்களையே பார்த்தாள். போன மாதம்தான் டாக்டரம்மா அவளைக் கையோடு கூட்டிப் போய் வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தாள்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"நீ போய் வெளியில இருக்கறவங்களப் பாரும்மா. கதவச் சாத்திக்கோ."

வெளியில் ஒருவரும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். நர்ஸ் குழாயை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அவசர அவசரமாக மருந்தை ஏற்றி ஊசியைப் போட்டாள். முனையைக் கண்டதுமே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து ஈறில் லேசாகக் குத்திப் பார்த்தாள். அவர் துள்ளித் தலையை இழுத்துக்கொண்டார்.

சீழ் கட்டின இடத்தில் மருந்து சரியாக ஏறாது. இன்னொரு ஊசி போட்டாள். அதுவும் பாதிதான் மரத்தது.

தள்ளிப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. எச்சில் விழுங்கவே அவர் சிரமப்பட்டார். பல்லை எடுத்துச் சீழை வடித்தால்தான் ஆயிற்று. விட்டால் மூச்சை அடைக்கும். மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறவருக்கு வர வேண்டிய வினையா இது என்று இருந்தது அவளுக்கு.

அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். இவருக்கே கைகூடவில்லை என்றால் அன்றைக்கு எனக்கு நடந்தது என்ன?

சிறுநீரகக் கல் அடைத்துக்கொண்ட அன்று வீட்டில் ஆள் இல்லை. போன் கூடத்தில் கிடந்தது. குளியலறைத் தரையில் புரண்டு புரண்டு கதறினாள். கதறி ஓய்ந்த பிறகு, போக்கிடம் இல்லாமல்தான் அவர் சொன்னதைச் செய்து பார்த்தாள்.

வலி குறையவில்லை. இருந்தபடியே இருந்தது. அதற்குள் மாட்டிக்கொண்டு தவித்தவள் மட்டும் ஒரு சாண் விலகி உட்கார்ந்துகொண்டாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. வகுப்பில் ஒளி தெரிந்தது, உடம்பு மிதந்தது என்று ஆளாளுக்கு அளந்துவிடும்போதும் வாயைத் திறந்ததில்லை. சொன்னால் கிடைத்தது கையைவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம்.

இப்போது அவர் அருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறையை, கதறலை, அந்த ஒரு சாணை. அவர் சொல்லிக் கொடுத்ததை அவருக்கே ஞாபகப்படுத்தினால் மனிதர் தெம்பாகிவிடுவார் என்று நினைத்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். முகத்தைத் திருப்பி, இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்த பிறகும் இன்னும் ஏதாவது வருமா என்று அவள் வாயையே பார்த்தார்.

பிறகு, சாத்தியிருந்த கதவு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீங்கிய வாயால் மெதுவாகக் கேட்டார்.

"நெஜமாவே அப்படி விலகுமா?"

வகுப்பில் அவர் எத்தனையோ கேள்விகள் கேட்பார். எல்லாவற்றுக்கும் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். இந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

எழுந்து போய்விடலாமா என்றுகூட டாக்டரம்மாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. ஆனால் குளியலறைத் தரையில் நடந்ததை எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அதில் பொய் அகப்படவில்லை.

கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். இடுக்கியை எடுத்தாள்.

"விலகும். எனக்கு விலகுச்சு" என்றாள். "வாயத் திறங்க தம்பி."