சூட்டில் பிடித்த எஞ்சின்

எஞ்சின் மூடியான ஹெட்டைக் கழற்றி ஓரமாக வைத்ததும் கொளஞ்சியம்மாள் என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தெரியுது?"

"இன்னும் தொடைக்கவே இல்லம்மா. ரவ இரு" என்றேன்.

நான் ரிப்பேர் பார்க்க வந்தவன், பஞ்சாயத்துப் பண்ண வந்தவன் இல்லை. ஒரு வருஷமாகக் கிணற்றோரம் நிற்கும் பழைய பொக்லைன், எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, சுற்றவிட்டுக் கொடுத்தால் விற்றுவிடலாம் என்று அதன் முதலாளி அரங்கநாதன் திருக்கோவிலூரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. வந்து பார்த்தால் மலையடிவாரத்துக் கொல்லையில் பாதி ஊர் நிற்கிறது.

போன வருஷம் இந்தக் கிணற்றை ஆழப்படுத்தும்போது கரை சரிந்து, கொளஞ்சியம்மாளின் புருஷன் இருசப்பன் உள்ளே மாட்டிக்கொண்டான். மண்ணுக்கடியிலிருந்து அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பொக்லைன் ஓட்டுகிற ஜெயப்பிரகாஷ் அவனை வெளியே எடுக்கப் பக்கத்திலேயே பள்ளம் பறித்திருக்கிறான். பாதிப் பள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து வேறு வண்டி வந்து சேர்ந்தபோது குரல் இல்லை.

கரை இன்னும் சரிந்தால் வண்டியும் உள்ளே போய்விடும், அணைத்துவிடு என்று முதலாளி போனில் சொன்னாராம். இவன் அணைத்துவிட்டானாம். ஊர் அப்படித்தான் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தானாகத்தான் நின்றது என்று ஜெயப்பிரகாஷ் மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். கொளஞ்சியம்மாள் கோயில் பக்கமே போகவில்லை. சூடத்தை எவனும் அணைப்பான், எஞ்சினைப் பிரித்துக் காட்டட்டும், அதுவரைக்கும் என் புருஷனைக் கொன்றவன் அவன்தான் என்று சொல்லிவிட்டாள்.

கேஸ் முடிகிறவரை வண்டியை யாரும் தொட முடியவில்லை. அதுவரை அவனுக்கு ஒருத்தரும் வேலை கொடுக்கவில்லை. பேசி வைத்திருந்த பெண் வீட்டிலும் பின்வாங்கிவிட்டார்கள்.

அந்தம்மா கேட்டது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. நானும் சூடத்தை நம்புகிற ஆள் இல்லை.

விஷயம் ரொம்பச் சுலபம். மழைத்தண்ணீர் இறங்கித் துருவில் பிடித்திருந்தால், எஞ்சின் நின்ற பிறகுதான் ஜாம் ஆகியிருக்கிறது. பையன் பொய் சொல்கிறான். ஓடும்போதே சூட்டில் பிடித்திருந்தால் அவன் சொன்னது உண்மை.

காலையிலிருந்து டீசலும் பிரேக் ஆயிலும் ஊற்றி ஊற வைத்தாயிற்று. கம்பியைப் போட்டு நாலு பேர் தொங்கியும் எஞ்சின் முன்னாலிருக்கும் புல்லிச் சக்கரம் அசையவில்லை. அதனால்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

துணியால் துடைத்தேன்.

துரு.

பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். ஜெயப்பிரகாஷ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாக இருந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். துரு மேலாகத்தான் இருந்தது. அதற்கடியில், பிஸ்டன் ஏறி இறங்குகிற லைனர் சுவர் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உழுதுகிடந்தது. பிஸ்டனின் அலுமினியம் உருகி, அடிபிடித்த சோறு மாதிரி சுவரோடு அப்பியிருந்தது.

பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். கை மரத்துப்போகிற அளவுக்கு அடித்த பிறகு 'டக்'கென்று விட்டது. பிஸ்டன் இறங்கியது, புல்லி கால் சுற்று சுற்றியது.

"அணைக்கல. ஓடிக்கினு இருக்கும்போதே சூட்ல புடிச்சிருக்கு. பையன் சொன்னது நெஜம்" என்றேன், துப்பியவனுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக.

ஜெயப்பிரகாஷ் அப்படியே பொக்லைன் செயின்மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கொளஞ்சியம்மாள் கிட்டே போய் அவன் தலையில் கை வைத்தாள்.

"தப்பா நெனச்சிட்டேன் தம்பி. மனசுல வச்சிக்காத."

எனக்கே கண் கலங்கிவிட்டது. எத்தனையோ எஞ்சினைச் சுற்றவிட்டிருக்கிறேன், இப்படி ஒரு சந்தோஷம் எதிலும் வந்ததில்லை.

கையை எடுக்காமலே அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் அவ்ளோ சூடு ஏறிச்சி?"

"ரேடியேட்டர்ல தண்ணி வத்திப்போச்சி. பாக்காம ஓட்டிட்டான்."

"பாக்காமலா?" ஜெயப்பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். ஒரு வருஷமாக யாரும் கேட்காததை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் அவன் குரலில் இருந்தது. "பாத்தேன்க்கா. ஆவி அடிச்சிது. சூடு காட்ற முள்ளு செவப்புக்குப் போயிடுச்சி. உள்ள அவரு கொரல் கேக்குது, எனக்கு நிறுத்த மனசே வரல. பக்கத்துல வந்தவங்களயெல்லாம் வெரட்டிட்டு ஓட்டிக்கினே இருந்தேன்."

கூட்டத்தில் 'உச்' கொட்டினார்கள். நல்ல பையன் என்று யாரோ சொன்னார்கள்.

கொளஞ்சியம்மாள் என்னையே பார்த்தாள். "நிறுத்தித் தண்ணி ஊத்தியிருந்தா?"

தொழில் கேள்வி கேட்டால் எனக்கு யோசிக்கத் தெரியாது. "ரவ ஆறவுட்டு ஒரு கொடம் ஊத்தியிருந்தா ஓடியிருக்கும்மா. பள்ளம் முடியறவரைக்கும் தாராளமா ஓடியிருக்கும்."

அவள் அவன் தலையிலிருந்து கையை எடுத்தாள். கோபம் எதுவும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவரு மேல வந்ததும் தாகமா இருக்குமேன்னு, ரொம்பின கொடத்தோட உன் வண்டியாண்டதான் தம்பி நின்னுக்கினு இருந்தேன்."