குப்பத்துப் பெட்டியில் ஒரு ஓட்டு

"யாரு அந்த ஒருத்தன்? அவனைத் தவிர ஒரு பய நாளைக்கு என் உப்பளத்துல கால் வைக்கக் கூடாது!"

வரப்பில் நின்று கத்தினார் பஞ்சநாதன். மரக்காணத்து உப்பள முதலாளி. எழுபதாம் வருஷத்துப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நேற்றுதான் தோற்றிருந்தார். ஜெயித்த எதிராளியின் பெயரைச் சொன்னால் வாய் நாறிவிடுமாம். 'பூட்டு' என்று சின்னத்தை மட்டும்தான் சொல்வார்.

"எண்பது ஓட்டு விழுந்த குப்பத்துப் பெட்டியில எனக்கு ஒண்ணே ஒண்ணு! மீதி பூரா பூட்டுக்கு! என்கிட்ட கூலி வாங்கித் தின்னுட்டு இப்படியா பண்ணுவீங்க?"

தேர்தல் அதிகாரி என்னவோ நல்ல மனிதர்தான். நேற்று எண்ண உட்காரும்போதே, "எல்லாப் பெட்டியையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து எண்ணிடலாங்க. எந்தத் தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு வெளியில தெரியக் கூடாது" என்றார். பஞ்சநாதன் விட்டாரா? "ஜனநாயகத்துல என்னய்யா ஒளிவு மறைவு? பெட்டி பெட்டியா எண்ணி போர்டுல எழுதிப் போடு!" என்று குதித்தார். எழுதிப் போட்டார்கள். வேண்டியதுதான்!

மேஸ்திரி மாயவன் முந்திக்கொண்டான். "அந்த ஒண்ணு நான்தாங்க மொதலாளி. வேற யாரு உங்களுக்குப் போடுவா?"

"எனக்குத் தெரியும்டா மாயவா!" பஞ்சநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்யய்யோ, அது நானுங்க!" உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் அஞ்சம்மாள். "என் புள்ளைங்க மேல சத்தியம்!"

"ஏம்மா புளுகுற? அது நான் போட்டது!" என்றான் இருசப்பன்.

அவ்வளவுதான். கூலி போனால் அடுப்பு எரியாது, பாவம். கொஞ்ச நேரத்தில் உப்பளத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு ஓட்டைப் போட்டிருந்தார்கள்.

"அடப்பாவிங்களா! இத்தினி பேரு போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பஞ்சநாதன்.

கடைசியாக லூர்துமேரி தலையிலிருந்த உப்புக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இவங்க யாரும் இல்லீங்க. அந்த ஓட்டு நான் போட்டது."

பஞ்சநாதன் தலையில் அடித்த கையை இறக்கினார்.

"நீயா? அந்தப் பூட்டே நீதானே!"

"ஆமாங்க. பந்தியில நம்ம எலைக்கு நாமே அள்ளி வச்சிக்குவோமா? எனக்கு நானே குத்திக்க வெக்கமா இருந்துச்சு. அதான் உங்களுக்குக் குத்திட்டேன்."

மாயவன் சத்தமில்லாமல் வரப்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

லூர்துமேரி கூடையை மறுபடி எடுத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்கு வேலைக்கு நான் ஒருத்தி மட்டும் வந்தாப் போதுங்களா?"